‘புவாசா’ என்றார் அந்த அம்மா: தோட்டப்புற கிளினிக்கில் மூன்று தைப்பூசங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊரில், அரசாங்க கிளினிக் ஒன்றின் மருந்தகத்தில் வேலை செய்கிறேன். இங்கே இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) வைத்தியம் பார்த்துவந்த ஓர் அம்மாவுக்கு 2022 டிசம்பரிலிருந்து 2025 மார்ச் வரை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அவரும் அவர் மகளும் எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இல்லை, குடும்பத்தைப் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், அந்த மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்குப் போனார். லயத்து வீட்டிலிருந்து ஊரை ஒட்டிய மலிவு வீட்டுக்கு மாறி இருபது வருஷம் ஆகிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்தவர், தமிழ் நன்றாக எழுதுவார். மலாய் பேசுவார், ஆனால் அது கடைவீதி மலாய்.

ஒன்பது வருஷமாக இனிப்புநீர். இந்த நோய் நம்மவர்களிடம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு போதும்: நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. எங்கள் கிளினிக்கில் செவ்வாய்க்கிழமை நீண்ட பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே தெரியும்.

முன்பு தோட்டத்திலேயே டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) ஒருவர் இருப்பார். மருந்து குறைவு, வசதி குறைவு, ஆனால் எந்த வீட்டில் யார் காவடிக்கு நேர்ந்திருக்கிறார், யார் விரதம் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவரும் அதே கோயிலுக்குத்தான் போவார். இப்போது ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் டாக்டர், ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் கிடைக்கிறது, அது பெரிய விஷயம்தான். ஆனால் டாக்டர்கள் அடிக்கடி மாற்றலாகிப் போகிறார்கள், மிஸிகள் (தாதிகள்) பெரும்பாலும் மலாய்க்காரர்கள். தமிழ் பேசுபவர்கள் நானும் துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அக்காவும் மட்டுமே.

இன்னொரு விவரம், எங்களுக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. அம்மாவின் பேத்தி குறைமாதத்தில் பிறந்து பல வாரங்கள் கண்ணாடிப் பெட்டியில் இருந்த குழந்தை. அது பிழைத்தால் மூன்று தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டார். ஒவ்வொரு வருஷமும் 48 நாள் விரதம், ஒரு வேளைச் சாப்பாடு.

முதல் வருஷம்: டிசம்பர் 2022 – ஜனவரி 2023

2023-இல் தைப்பூசம் பிப்ரவரி 5. விரதம் டிசம்பர் 19 அன்று தொடங்கியது. 22-ஆம் தேதி அவருக்கு கிளினிக் தவணை, அதாவது பரிசோதனைக்கு வரச் சொன்ன நாள். ரத்தம் எடுக்கும் அறையில் மிஸி எல்லாரிடமும் கேட்பதுபோல் ‘புவாசா?’ என்று கேட்டார். நேற்று ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறீர்களா என்பது அந்தக் கேள்வியின் பொருள். அம்மாவும் ‘புவாசா’ என்றார். விரதம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டதாக அவர் நினைத்தார். கார்டில் ‘வெறும் வயிற்று ரத்தம்’ என்று பதிவானது. விரதத்துக்கும் வெறும் வயிற்றுக்கும் மலாயில் ஒரே சொல். இருவரும் சரியாகத்தான் பேசினார்கள், இருவருமே அடுத்தவர் புரிந்துகொண்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 10.8 (இங்கே லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் அளப்போம்), மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.1 விழுக்காடு. டாக்டர் கிளிக்லசைடு மாத்திரையை காலை ஒன்று மாலை ஒன்று என்பதிலிருந்து இரண்டிரண்டாகக் கூட்டினார். அந்த எண்களை மட்டும் பார்த்தால் நானும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பேன். மருந்தை எடுத்துக் கொடுத்தவள் நான். பையில் ஒட்டிய சீட்டில் மலாயில் இருந்தது: இரண்டு மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு முறை, சாப்பாட்டுக்கு முன். ‘காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு’ என்று தமிழிலும் சொன்னேன். சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை.

கிளிக்லசைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. வயிற்றில் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். காலை ஐந்தரைக்குக் குளித்துச் சாமி கும்பிட்டு, சீனி போடாத கோப்பியோடு இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு, பசியாறாமல் தோட்டத்துக்குப் போவார். அடுத்த சாப்பாடு ராத்திரி ஏழு மணிக்கு. இப்படியே நாலு வாரம் போனது. மத்தியானம் கை நடுங்குவதையும் வேர்த்துக்கொட்டுவதையும் விரதத்தின் கஷ்டம் என்று பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

ஜனவரி 17, விரதத்தின் முப்பதாம் நாள், காலை பத்தரை வாக்கில் செம்பனை மரத்தடியில் விழுந்து கிடந்தவரை மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். சர்க்கரை 2.3. விரல் இடுக்கில் செம்பனைத் தூள் ஒட்டியிருந்தது, நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்திருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் பத்து நிமிடத்தில் கண் திறந்தார். இந்த மருந்தால் இறங்கிய சர்க்கரை, ஏற்றிய பிறகும் மறுபடி இறங்கக்கூடும் என்பதால் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பி ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். கிளிக்லசைடு பழைய அளவுக்குக் குறைக்கப்பட்டது. கார்டில் எழுதியிருந்த கடைசி வரி: ‘நோன்பு இருக்கக்கூடாது என்று அறிவுறுத்தப்பட்டது.’

அம்மா தலையாட்டினார். ஏன் விரதம், எத்தனை நாள், இன்னும் எத்தனை வருஷம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் மிச்ச நாட்களையும் முடித்து பிப்ரவரி 5 அன்று பால்குடம் எடுத்தார்.

இரண்டாம் வருஷம்: டிசம்பர் 2023 – மே 2024

அடுத்த விரதம் 2023 டிசம்பர் 8 அன்று தொடங்கியது. இந்த முறை டிசம்பர் தவணைக்கு அவர் வரவில்லை, வந்தால் திட்டுவார்கள் என்று பயம். மாத்திரை அத்தனையையும் நிறுத்திவிட்டார். பிறகு அவர் சொன்ன காரணத்தை அப்படியே தருகிறேன்: “போன வருஷம் என்னைக் கீழ தள்ளுனது மாத்திரதான் மிஸி, விரதம் இல்ல.” மருந்தியல் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. வெறும் வயிற்றில் கிளிக்லசைடு தள்ளியது. ஆனால் அதைப் பிரித்துச் சொல்ல ஆளில்லாததால் நல்லதும் கெட்டதும் சேர்த்து, கூடவே போட்டுவந்த இன்னொரு இனிப்புநீர் மாத்திரையான மெட்பார்மினையும் நிறுத்திவிட்டார்.

2024 ஜனவரி 25 அன்று தைப்பூசம். வெறுங்காலோடு ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர். கூட்டம் நகர நகர, பதினோரு மணிக்கு மேல்தான் அவர் முறை வந்தது. தார்ச்சாலை கொதித்தது, மற்றவர்கள் ஓரத்துப் புல்லில் இறங்கி நடக்க, இவர் நடுவிலேயே நேராக நடந்தாராம். முருகன் சூடே தெரியாமல் கூட்டிப்போனான் என்று வீட்டில் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். பல வருஷ இனிப்புநீரில் பாதத்தின் உணர்வு போயிருந்தது. அதை நாங்கள் அதற்கு முன் சோதித்திருக்க வேண்டும். பாதத்தை ஒரு மெல்லிய நைலான் இழையால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அந்த வருஷத்துக் கட்டம் கார்டில் காலியாக இருந்தது.

அன்று ராத்திரி பாட்டி காலில் தண்ணீர்க் கொப்புளம் இருப்பதைப் பேத்திதான் பார்த்தாள். மஞ்சளும் விளக்கெண்ணெயும் போட்டார்கள். ஆறாம் நாள் கால் வீங்கி, நாற்றம் வந்த பிறகு கிளினிக்குக் கொண்டுவந்தார்கள். சர்க்கரை 21.4. நேராக மருத்துவமனை, ஐந்து நாள் ஊசி மருந்து, இன்சுலின். பிப்ரவரி 5 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள், கிளினிக்கில் தினமும் புண்ணுக்குக் கட்டு, கூடவே புண்ணின் கிருமிக்கு ஏழு நாளைக்கு கிளாக்சசிலின் காப்சூல் 28.

நாலாம் நாள் கட்டு மாற்ற வந்தபோது மருந்துப் பையை வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு மிச்சம் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தைந்து இருந்தது. மூன்று காப்சூலைப் பிரித்து, கூட்டை எறிந்துவிட்டுத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடித்திருக்கிறார். அந்தக் கசப்பு தாங்காமல் வாந்தி எடுத்திருக்கிறார், அதோடு விட்டுவிட்டார். ஏன் அப்படியே விழுங்கவில்லை என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. சுற்றிலும் மிஸிகள் இருந்தார்கள். மருந்தகத்துக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திய பிறகு மெல்லச் சொன்னார்: “அந்தக் கூடு மாட்டுல செய்யறதாமே.”

உண்மைதான். காப்சூலின் கூடு ஜெலட்டின், விலங்குகளின் எலும்பு தோலிலிருந்து எடுப்பது. மலேசியாவில் ஹலாலாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பன்றி ஜெலட்டினைத் தவிர்க்கும்போது அந்த இடத்துக்குப் பெரும்பாலும் மாட்டு ஜெலட்டின் வருகிறது. ஒருவருக்குக் காட்டிய அக்கறை, இன்னொருவரின் வாழ்நாள் நியமத்தில் வந்து இடிக்கிறது. இதைப் பல வருஷமாகத் தெரிந்துவைத்திருக்கிறேன், ஒரு நோயாளியிடமும் நானாகக் கேட்டதில்லை. டாக்டரிடம் சொல்லி அன்றே அமாக்சிசிலின்-கிளாவுலனேட் மாத்திரைக்கு மாற்றினோம். அது காப்சூல் இல்லை, அமுக்கிய மாத்திரை. இரண்டே நிமிட வேலை.

மறுநாளிலிருந்து சீனப் புத்தாண்டு விடுமுறை. புண் ஆழமாகிக்கொண்டே போனது. பிப்ரவரி 19 அன்று இடதுகால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். ஏழு வாரம் உயரத்தில் இருந்த சர்க்கரையும் வீட்டில் போன ஆறு நாளும்தான் இதில் பெரும்பங்கு என்று டாக்டர் சொன்னார். விழுங்காத காப்சூல்களை நான் இன்னும் மறக்கவில்லை. புண் முழுதாக ஆற மே மாதம் ஆனது.

கண்ணெதிரே இருந்த தாள்

அவருக்கு விரல் எடுத்த அதே வாரம் நான் ரமலான் ஆலோசனை நடத்திக்கொண்டிருந்தேன். 2024-இல் நோன்பு மார்ச் 12 அன்று தொடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்பே முஸ்லிம் நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்போம்: நோன்பு இருக்கப்போகிறீர்களா, போன வருஷம் சர்க்கரை இறங்கியதா, என்ன மருந்து, என்ன வேலை, சிறுநீரகம் எப்படி. அனைத்துலக இனிப்புநீர் சம்மேளனத்தின் 2021 வழிகாட்டியில் இதற்குப் புள்ளி முறை இருக்கிறது. மூன்று வரை ஆபத்து குறைவு, ஆறுக்கு மேல் போனால் நோன்பு வேண்டாம் என்று சொல்வோம். அப்படியும் இருப்பேன் என்பவரை அனுப்பிவிடுவதில்லை. மாத்திரையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, எப்போது விரலில் குத்திப் பார்க்க வேண்டும், 3.9-க்குக் கீழேயோ 16.7-க்கு மேலேயோ போனால் உடனே நோன்பை முறிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்போம்.

அன்று காலை ஒரு மக்சிக்கிடம் (மலாய் அம்மாவிடம்) இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது என் வாய் பாதியில் நின்றுவிட்டது. இதே அம்மாவுக்கு இதே தாளை டிசம்பரில் நீட்டியிருந்தால் போதும். அறிவு இருந்தது, படிவம் இருந்தது, ஆள் இருந்தோம். தைப்பூசத்துக்கு முன் 48 நாள் ஒரு வேளை சாப்பிடும் கூட்டம் இந்த ஊரில் பாதி இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும், என் தாய்மாமாவே அலகு குத்துபவர். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

எடுத்த முடிவுகள்: அக்டோபர் 2024

தீபாவளிக்கு முன்பே ஆரம்பித்தோம். புது டாக்டர், இளம் மலாய்ப் பெண், விஷயத்தைச் சொன்னதும் முதலில் கேட்டது ‘எதற்காக நேர்ந்திருக்கிறார்?’ என்பதுதான். நான் மொழிபெயர்க்க, அம்மா பேத்தியின் கதையை முதன்முறையாக அந்த அறையில் சொன்னார். இது மூன்றாவது வருஷம், இதோடு கடன் தீரும் என்றார். டாக்டர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு புள்ளிகளைக் கூட்டிக் காட்டி, ஆறுக்கு மேல் நிற்கிறது, இன்சுலின் போடுகிறீர்கள், ஒரு விரல் போயிருக்கிறது, நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்று ஒளிக்காமல் சொன்னார். அம்மாவும் ஒளிக்கவில்லை: “நான் இருப்பேன் டாக்டர். பொய் சொல்லிட்டு இருக்க வேணாம்னு பாக்குறேன்.”

சரி, இருக்கத்தான் போகிறார் என்றால் எப்படி என்று பேசினோம். ரமலானை அப்படியே பிரதி எடுக்க முடியாது. இது மாதக் கணக்கை மீறி 48 நாள். ஆனால் தண்ணீர் குடிக்கலாம், பாலும் பழமும் விரதத்துக்குள்ளேயே உண்டு. அம்மா இதுவரை அதையும் தவிர்த்துவந்தார், கஷ்டப்பட்டால்தான் நேர்த்தி என்று. கோயில் பூசாரியிடம் நானும் மகளும் போனோம். உடம்பு முடியாதவர்கள் பால் பழம் எடுத்துக்கொள்வதில் குறையே இல்லை என்று அவர் அம்மாவை நேரில் கூப்பிட்டுச் சொன்னார். நாங்கள் பத்துத் தடவை சொல்லியிருந்தாலும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது.

திட்டம் இப்படி: காலை பதினோரு மணிக்கு ஒரு கோப்பைப் பால், ஒரு சின்ன வாழைப்பழம், அதோடு பாதி அளவு மெட்பார்மின். ராத்திரி ஏழு மணிச் சாப்பாட்டோடு முழு மெட்பார்மின், 20 யூனிட் இன்சுலினை 16 ஆகக் குறைத்து அதே நேரம். கிளிக்லசைடு பிப்ரவரியிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. காட்டு வேலைக்கு அந்த நாட்களில் போக வேண்டாம் என்று கடிதம்.

விரலில் குத்துவதில் ஒரு தடங்கல். பூசைக்கு முன் ரத்தம் வந்தால் தீட்டாகுமோ என்று கேட்டார். அவர் காலையும் மாலையும் குளிப்பவர், ஆகவே இரண்டு குளியலுக்கும் முன்னால் குத்திப் பார்ப்பது என்று வைத்தோம். அதற்கு மேல் பால் குடிக்கும் முன்பு ஒருமுறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை.

சர்க்கரை இறங்கினால் என்ன சாப்பிடுவது? மிட்டாயும் காற்றடைத்த பானமும் விரதத்தில் வாயில் வைக்கமாட்டார். பானகம் குடிப்பீர்களா என்று கேட்டேன், முகம் மலர்ந்தது. மருந்தகத் தராசில் வெல்லத்தை 20 கிராமாக நிறுத்து, சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தேன். ஒரு பொட்டலம் அரைக் கோப்பைத் தண்ணீரில். 15 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை உடம்புக்குக் கிடைக்கும், கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

விரத நாட்களும் அதன் பிறகும்

2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11. விரதம் டிசம்பர் 25 அன்று தொடங்கியது. பள்ளி நோட்டில் கோடு போட்டு, தமிழில் நாளும் நேரமும் எழுதி, வாரம் ஒருமுறை மகள் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினார். பெரும்பாலும் 6-க்கும் 11-க்கும் நடுவில். கோயில் அன்னதானத்தன்று ராத்திரி 17.2 போனது, அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். பத்தொன்பதாம் நாள் மாலை 3.6. பானகம் குடித்தார், கால் மணியில் 5.4. பிறகு என்னை அழைத்தார், குரலில் பதற்றம்: “விரதம் முறிஞ்சிருச்சா மிஸி?” பூசாரியிடம் கேட்டுச் சொன்னேன், பானகம் சாமிக்குப் படைப்பது, முறியவில்லை என்றார். மறுநாள் டாக்டர் இன்சுலினை 14-க்கு இறக்கினார், அதன் பிறகு அப்படி இறங்கவில்லை.

செருப்புப் போட அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. அதில் நாங்கள் தோற்றோம் என்றுதான் எழுத வேண்டும். கோயில் நிர்வாகம் விட்டுக்கொடுத்தது: விடியற்காலை ஐந்தரைக்கு முதல் வரிசையில் இடம், ஆற்றங்கரைக்குப் பதில் கோயில் வளைவிலிருந்து நடை, வழியில் தண்ணீரில் நனைத்த சாக்கு விரித்திருந்தார்கள். அன்று மத்தியானமே மகள் பாதத்தைப் படம் எடுத்து அனுப்பினார். நாலு விரலும் சுத்தமாக, கீறல் இல்லாமல்.

மார்ச்சில் எச்பிஏ1சி 7.8, அக்டோபரில் அது 8.4.

எதை மாற்றினோம், எது இன்னும் நடக்கவில்லை

ரத்த அறையில் இப்போது ‘புவாசா?’ என்று மட்டும் கேட்பதில்லை. ராத்திரி கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பது ஒரு கேள்வி. வரும் மூன்று மாதத்தில் விரதம், நேர்த்தி, பந்தாங் (விலக்கு) ஏதாவது உண்டா என்பது தனிக் கேள்வி, எல்லாருக்கும். இப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகுதான், ஒன்பது பேரரசர் திருவிழாவுக்கு ஒன்பது நாள் சைவம் இருக்கும் சீனப் பெரியவர் அந்த நாட்களில் சோறும் மீயுமாக (நூடுல்ஸுமாக) சாப்பிட்டுச் சர்க்கரை ஏறிவந்தது தெரிந்தது. காப்சூல் கொடுக்கும்போது கூட்டில் என்ன இருக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன், மாற்று மாத்திரையோ சிரப்போ இருந்தால் டாக்டரிடம் கேட்கிறேன். மாற்று இல்லாத மருந்துகளும் உண்டு, அப்போது நோயாளியே முடிவு செய்கிறார், பெரும்பாலும் விழுங்கத்தான் செய்கிறார்கள். கேட்காமல் கொடுத்ததுதான் அவர்களுக்குக் கோபம்.

பாதப் பரிசோதனையை நவம்பருக்கு முன்பே முடிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம், ஆள் பற்றாக்குறையில் போன வருஷம் எல்லாருக்கும் முடியவில்லை. மொழிபெயர்ப்பு இன்னும் என்னையும் துப்புரவு அக்காவையும் நம்பித்தான் ஓடுகிறது. நாங்கள் இருவரும் லீவில் இருந்த ஒரு நாள், பன்னிரண்டு வயதுப் பேத்தி தன் தாத்தாவின் சிறுநீர்க் கோளாறை டாக்டருக்கு விளக்க நின்றாள், தாத்தா பாதியில் எழுந்து போய்விட்டார். அவரை மறுபடி வரவைக்க இரண்டு மாதம் ஆனது.

மருந்துச் சீட்டு மலாயில்தான் அச்சாகிறது. அதன் கீழ் நான் கையால் ‘சாப்பாட்டோடு மட்டும், சாப்பிடாவிட்டால் இந்த மாத்திரை வேண்டாம்’ என்று தமிழில் எழுதி ஒட்டுகிறேன், கிளிக்லசைடுக்கு முதலில். அந்த இளம் டாக்டரும் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வருபவருக்குத் தெரியட்டும் என்று தவணைப் புத்தகத்தில் ஒவ்வொரு வருஷத்து அக்டோபர் பக்கத்திலும் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறோம்: தைப்பூச விரதக்காரர்களைக் கூப்பிடவும்.